பத்தொன்பது பொன்னாடையும் ஒரு வகுப்பும்

2001-ஆம் ஆண்டு ஜூலை 9, திங்கட்கிழமை. ஆங்கிலம் கற்பிப்பதற்காக ரோஸ்மேரி அம்மையார் இங்கிலாந்திலிருந்து தேயிலை மலையூரான கட்டபெட்டுக்கு வந்து அன்றோடு ஐந்து வாரங்கள் நிறைந்தன. அதுவரை அவருக்கு ஒரு வகுப்பும் கொடுக்கப்படவில்லை. பொன்னாடை மட்டும் பத்தொன்பது போர்த்தப்பட்டிருந்தன.

இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை நகரத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு அவருக்கு இரண்டே மாதத்தில் கசந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பொன்மலை மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் ஆறுச்சாமியிடமிருந்து கடிதங்கள் வந்தன. ‘பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டு மாணவர்கள் தங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று முதற்கடிதம் முடிந்திருந்தது. பிழையற்ற, அளவான, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தத் தெரிந்த ஆங்கிலம். இப்படி எழுதும் மனிதர் நடத்துகிற பள்ளி எத்தகையதாக இருக்கும் என்று எண்ணியே அம்மையார் விமானம் ஏறினார்.

இறங்கிய அன்றே உண்மை விளங்கிவிட்டது. ஆறுச்சாமி அறிந்த ஆங்கிலம் ‘குட் மார்னிங்’, ‘நோ பிராப்ளம்’, ‘அட்மிஷன் ஓப்பன்’ என்ற மூன்றோடு முடிந்தது. கடிதங்களை எழுதியவர், அங்கே பதினேழு ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்திவரும் லீலாவதி.

ஆங்கிலம் அறியாமை குற்றமன்று. அறியாத ஒன்றை மூட்டை கட்டி விற்பதுதான் குற்றம். ஆறுச்சாமி மூட்டை விற்றுப் பழகியவர். கோத்தகிரிச் சாலையில் உரக்கடை வைத்திருந்தவர். பச்சைத் தேயிலையின் விலை சரிந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சிறு விவசாயிகள் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டிருந்த காலம் அது. இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. உரம் வாங்குவாரில்லை. பள்ளியிலிருந்தும் ஒரே கோடை விடுமுறையில் நாற்பது பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறிப் போயின. சரக்கு போகாவிட்டால் சாக்கின் மேலுள்ள படத்தை மாற்ற வேண்டும் என்பது ஆறுச்சாமியின் தொழிலறிவு. ஆகவே பள்ளிப் பேருந்தின் முதுகில் அம்மையாரின் முகம் ஏறியது. கீழே, ‘லண்டன் மேடம் நேரடிப் பயிற்சி’. அவருடைய ஊருக்கும் லண்டனுக்கும் இடையே, கட்டபெட்டுக்கும் மதுரைக்கும் உள்ள அளவு தொலைவு இருந்தது. அதைப் பற்றிப் பேருந்துக்கு என்ன கவலை?

காலை எட்டேகாலுக்கு அவர் பள்ளி கேட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோருக்கும் ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டும். பத்து மணிக்கு மேல் ஜீப் வரும். பேக்கரி திறப்பு, புதுமனை புகுவிழா, பூப்புனித நீராட்டு விழா, ஒருமுறை புது டிராக்டருக்குப் பூசை. போகும் இடமெல்லாம் ஒரு பொன்னாடை. அவற்றில் நான்கு சன்னல் திரைகளாயின. ஒன்று வெந்நீர்ப் பையைச் சுற்றிக்கொண்டது. ‘சாப்டீங்களா?’ என்ற கேள்விக்கு ஒரு நாள் உண்மையாக ‘இல்லை’ என்று சொல்லிவிட, மூன்று வீடுகளிலிருந்து தூக்குப்போசிகளில் சாப்பாடு வந்து சேர்ந்தது. அன்று கற்றுக்கொண்ட ‘போதுமுங்க’ என்ற சொல்தான் ஐந்து வாரங்களில் அவர் அடைந்த தமிழ்.

அந்தத் திங்கட்கிழமை, லீலாவதியை மொழிபெயர்க்க உடன் அழைத்துக்கொண்டு அவர் தாளாளர் அறைக்குள் நுழைந்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு வகுப்பு வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறேன்.”

லீலாவதி அதைத் தமிழாக்கினார். ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“அய்யய்யோ! சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங் வெச்சிருக்குதுங்களே டீச்சர்! இவிய போய்ட்டா எங்கதி என்னாவறது? செரி, வர்ற திங்கக்கிழமையிலிருந்து பத்தாங் கிளாஸ் மேடத்துக்குத்தானுன்னு சொல்லிப்போடுங்க.” பிறகு மேசை மேலிருந்த காகித எடையைத் திருப்பிக்கொண்டே, “அப்புறம், இருக்கற புள்ளைகளுக்கு ரெண்டு இங்கிலீஷ் டீச்சர் எதுக்குங்க? நீங்க இந்த வாரத்தோட நின்னுக்கோங்க” என்றார்.

லீலாவதி திரும்பி, “திங்கள் முதல் பத்தாம் வகுப்பு உங்களுடையது” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“அவர் நிறையப் பேசினாரே?”

“மீதி எனக்குச் சொன்னது.”

அம்மையார் மகிழ்ச்சியில் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த நான்கு நாளும் மாலைதோறும் திரை போட்ட சன்னலருகே அமர்ந்து பாடக்குறிப்பு எழுதினார். முப்பத்தெட்டுப் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆசிரியர் அறையில் லீலாவதி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அம்மையாரைக் கண்டதும் தாளை நீட்டினார். “ஒருமுறை பார்த்துத் தருகிறீர்களா?”

பிழை ஒன்றும் இல்லை. லீலாவதி என்னும் ஆசிரியை ஜூலை 14 முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று அந்தத் தாள், அதே அளவான ஆங்கிலத்தில் அறிவித்தது.

“இதை உங்களையே எழுதச் சொன்னாரா?”

“ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் நான்தானே எழுதுகிறேன்? அவர் கையெழுத்துப் போடுவார்.”

“திங்கட்கிழமை சொன்ன மீதி இதுதானா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். அதோடு, உங்களை வரச்சொல்லி எழுதியவளும் நான்தான்.”

வாட்ச்மேன் எல்லப்பன் கதவில் தலையை நீட்டினார். “ஆச்சுங்களா டீச்சரு? ஐயா பேனா மூடியக் கழட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காருங்க.” தாளை வாங்கிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்டறிந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். “தூக்குல போடறவங்கூட கவுத்தத் தானே கொண்டாருவானுங்க. இவரு அதயும் உங்களையவே திரிச்சுத் தரச் சொல்றாரு!”

கையெழுத்தாகி, லீலாவதியின் பெயரெழுதிய உறையில் திரும்பி வந்த கடிதத்தை அம்மையார் கேட்டு வாங்கித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வகுப்புக்காக ஏழு கடல் தாண்டி வந்தவர். அந்த வகுப்பு இப்போது அந்தக் கைப்பையில் இருந்தது.

சனிக்கிழமை கூட்டத்தில் இருபதாவது பொன்னாடையை விரித்துக்கொண்டு ஆறுச்சாமி நெருங்கியபோது, அம்மையார் கையை உயர்த்தினார்.

“போதுமுங்க.”

தமிழ் பேசிவிட்டார் என்று அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அவர் உறையைப் பிரித்து, தாளை ஆறுச்சாமியின் கையில் கொடுத்து, ஒலிவாங்கியை அவர் வாயருகே நகர்த்தினார். முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் ஒலித்த குரலில், “ரீட்” என்றார்.

ஆறுச்சாமி தாளைப் பார்த்தார். தாள் அவரைப் பார்த்தது.

“கண்ணாடி கொண்டாரலீங்க.”

“சட்டப் பையிலதான் இருக்குதுங்க!” என்று பின்னாலிருந்து எல்லப்பன் குரல் கொடுத்தார்.

முன்வரிசையில் பத்தாம் வகுப்பு மஞ்சுவின் தாய் சாந்தாமணி எழுந்தார். “படிங்க, நாங்களும் கேக்கறோம். எம்புள்ளைய மட்டும் தெனமும் படி படின்னு வெரட்டறீங்கல்ல? ஏனுங்க, கவரு மேல லீலாவதி டீச்சரு பேரு போட்டிருக்குதாட்டம் இருக்குதே, அவியளுக்கு என்னங்க லெட்டரு?”

“டீச்சருக்கு என்ன?” என்று நாலைந்து குரல்கள் சேர்ந்தன. அவருடைய வகுப்பில் படித்தவர்களே இப்போது பெற்றோராக அங்கே அமர்ந்திருந்தார்கள்.

ஆறுச்சாமி லீலாவதியின் பக்கம் சாய்ந்தார். “டீச்சர், மெதுவா எதாச்சும் சொல்லுங்க” என்று கிசுகிசுத்தார்.

“நீங்க எழுதச் சொன்னதேதானுங்க ஐயா.” லீலாவதி அதற்கு மேல் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை.

“இது... நம்ம லீலாவதி டீச்சர இங்கிலீஷுக்கே தலைமையாப் போட்ட ஆர்டருங்க!” என்று ஒலிபெருக்கி அலறியது. “பத்தாங் கிளாஸ் என்னைக்கும் அவியளுக்குத்தான்! மேடமே நேர்ல கொண்டாந்து குடுத்துட்டாங்க!” அவசர அவசரமாக இருபதாவது பொன்னாடை லீலாவதியின் தோளில் விழுந்தது. அவர் அம்மையாரின் காதருகே குனிந்து, இம்முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அரங்கில் கடைசியாகக் கைதட்டி ஓய்ந்தவர் அம்மையார்தான்.

பதினேழு ஆண்டு உழைப்பு காப்பாற்றாத வேலையை, தாளாளருக்குப் படிக்கத் தெரியாத ஒரு தாள் காப்பாற்றியது. அடுத்த வாரமே பேருந்தின் முதுகில், ‘லண்டன் மேடம் அங்கீகரித்த டீச்சர்’ என்று புது வரி முளைத்தது. நாற்பது பிள்ளைகளில் பதினொருவர் திரும்பி வந்தார்கள். பாடம் முன்பு நடந்தபடியேதான் நடந்தது.

கூட்டம் முடிந்த திங்கட்கிழமை எட்டேகாலுக்கு அம்மையார் மறுபடியும் கேட்டில் இருந்தார். இம்முறை நிற்கவில்லை. எல்லப்பனின் ஸ்டூலில் அமர்ந்து, லீலாவதி கொடுத்தனுப்பிய முப்பத்தெட்டுக் கட்டுரை ஏடுகளை மடியில் வைத்து, சிவப்பு மையால் திருத்திக்கொண்டே ‘குட் மார்னிங்’ சொன்னார், தலையை நிமிர்த்தாமல்.

“தொரைசாணியம்மா, அது எஞ் ஸ்டூலுங்க. நாற்காலி கொண்டாரட்டுங்களா?”

“போதுமுங்க.”

இதை வாசிப்பவரே, உங்கள் பிள்ளையும் ஏதோ ஒரு பள்ளியில்தான் படிக்கிறது. நாளைக் காலை அங்கே செல்லுங்கள். பேருந்தின் முதுகிலுள்ள முகத்தைப் பார்க்காதீர்கள். கேட்டில் வணக்கம் சொல்பவரிடம் மயங்கி நிற்காதீர்கள். வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து ஒரு பாடவேளை முழுவதும் கேளுங்கள். நடத்துகிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே வராதீர்கள்.