சடையப்பன் தாடையும் பதினொரு கூடை காரப்பொடியும்

1

ஒரு குற்றத்திலிருந்து பிறந்த கதை இது. குற்றவாளி நான்தான். நேற்று, வெள்ளிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தாடையை வெட்கமே இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்தேன். தூண்டிலில் யாரோ இழுப்பது மாதிரி அது வெடுக் வெடுக்கென்று மேலே போய் வந்தது.

அவர் திரும்பினார். "எண்ணிக்கினு கீறியா சார்? எத்தினி ஆச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பதினாலு."

"தப்பு. பதினேழு." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். உள்ளே கோடு கோடாகப் போட்டிருந்தது. "டாக்டரம்மா குறிக்கச் சொல்லிக்கீது. நீ பாக்க ஆரம்பிச்சப்புறம்தான் இத்தினி. யாராச்சும் பாத்துக்கினே இருந்தா ஜாஸ்தியாவும்."

பெயர் சடையப்பன். மெட்ராஸ் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். அதற்குள் முழுக் கதையையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதேன். ஆனா அழுவ வைக்காத."

2

அது ஒரு மழைக்காலக் காலை. ஏரியின் மேல் கருமேகங்கள்

(அடித்துவிட்டேன். இது 1976 ஜூன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் கதைகள் எல்லாமே மழையில்தான் தொடங்கும். நான் வேண்டாமென்றாலும் கை தானாக எழுதிவிடும்.)

2, மறுபடியும்

சடையப்பன் பழவேற்காட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஐஸ் கம்பெனிக்காகக் கரையில் இறால் ஏலம் எடுப்பது அவர் வேலை. ஏலத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. தாடையை உயர்த்தினால் விலையை ஏற்றுகிறார் என்று பொருள். இந்த வேலைக்கு இவரைப் போய் யார் அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

சொந்தக் கரையில் ஏலக்காரர் ஆதிகேசவனுக்கு அவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும். "சடையன் தாடை கணக்குல வராது, துண்டத் தூக்கினாத்தான் ஏலம்." இதுதான் அந்தக் கரையின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. அதனால் முப்பத்திரண்டு வயதுவரை சடையப்பனுக்குத் தன் தாடை ஒரு தொந்தரவாகவே தோன்றவில்லை.

போன மாதம் கம்பெனி அவரை ஆரம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரைக்கு அனுப்பியது. அங்கே வேறு ஏலக்காரர். இறாலுக்காகக் காத்து நின்றபோதே சடையப்பனின் தாடை பதினொரு கூடை காரப்பொடி மீனை வாங்கிவிட்டது.

"இன்னா நைனா, தாடையத் தூக்கிட்டு இப்ப வாணான்றே?" என்றார் ஏலக்காரர்.

இறால் வரவேண்டிய இடத்தில் பொடி மீன் வந்து இறங்கியதைப் பார்த்து மேனேஜர் துளசிராமன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இருவத்தெட்டாந்தேதி திங்கக்கெழம மறுபடி அங்க போற. இன்னொரு தபா இந்த மாரி ஆச்சு, ஐஸ் ஒடைக்கப் போயிடு."

3

(டாக்டர் சந்திரகலாவை முதலில் தேவதையாக எழுதினேன். கருணை வழியும் கண்கள், மென்மையான – கிழித்துப் போட்டேன். சடையப்பன் சொன்னது இவ்வளவுதான்: "செம கறாரு சார். எப்பவும் தும்மிக்கினே இருக்கும்.")

மேனேஜர் மிரட்டிய கையோடு சடையப்பன் தேடிப் போன, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி துடிப்புகளையே தனியாகப் படித்த டாக்டர் அவர்.

"சாமி குத்தமும் இல்ல, திமிரும் இல்ல. நரம்பு செய்யற வேலை," என்றார். "அது வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது தெரியுதா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சடையப்பன் காதோரம் தடவிப் பார்த்தார். "காதுக்குக் கீழ, தும்மல் வர்ற மாரி ஒண்ணு கெளம்பும்மா."

"அதுதான் வேணும். அது கிளம்பின உடனே தாடையை மெதுவா உள்ள இழுத்து, கழுத்தை இறுக்கி, மூச்சு விட்டுக்கிட்டே இருங்க. ஒரு நிமிஷம் போதும், தானா அடங்கும்.* பத்துல நாலு தப்பிச்சுப் போனாலும் கவலைப்படாதீங்க. அந்த ஏலக்காரர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிடுங்க."

பிறகு, கூட வந்திருந்த சடையப்பனின் மனைவி ரத்னாவிடம் திரும்பி, ஒவ்வொரு முறை அடக்கும்போதும் பாராட்ட வேண்டும் என்றார்.

"நான் திட்டாம கீறதே பெரிய சபாசு டாக்டரம்மா," என்றாள் ரத்னா.

ஆனால் மருந்துச் சீட்டிலேயே எழுதியாகிவிட்டது. அன்றிலிருந்து அடுப்படியிலிருந்து கடனே என்று "சபாசு" வந்தது. ஒருநாள் சாயங்காலம் சடையப்பன் தொடர்ந்து நாலு முறை பிடித்துவிட்டார். ரத்னா மீன் செதில் ஒட்டிய கையாலேயே கைதட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் தனக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை என்று சொல்லி, தானும் கைதட்டிக் காட்டினார். எனக்கும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

(* வெளிநாட்டில் வந்து மூன்று வருஷம்கூட ஆகாத முறையாம். முறைதான் புதிது, தாடை பழையது.)

4

திங்கட்கிழமை. ஆரம்பாக்கம் கரை. இறால் கூடைக்கு முன்னால் சடையப்பன். காதுக்குக் கீழே அது கிளம்புகிறது. தாடையை உள்ளே இழுத்து, கூடையையே வெறித்தபடி மூச்சு விடுகிறார். எதிரே சூளூர்ப்பேட்டை வியாபாரிகள் இரண்டு பேர்.

"இன்னாத்தயோ பாத்துட்டாண்டா. எறா கெட்டுக்கீதோ?" என்கிறார் ஒருவர். இருவரும் பின்வாங்குகிறார்கள். துண்டு உயர்கிறது. இறால் அடிமாட்டு விலைக்கு

(நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இது முழுக்க என் கற்பனை. நான் எழுதிக்கொண்டிருப்பது சனிக்கிழமை. அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.)

5

வேறு முடிவு: தாடை குதிக்கிறது. சடையப்பன் ஐஸ் உடைக்கப் போகிறார். வெளியே மழை பெ

(பேனாவை மூடி வைத்து அறுபது எண்ணினேன். மழை ஆசை அடங்கிவிட்டது. டாக்டரம்மாவின் முறை எனக்கும் பலிக்கிறது. சபாஷ் போடத்தான் வீட்டில் ஆளில்லை.)

இன்னொன்று: ஏலம் தொடங்குமுன் சடையப்பன் நேராகப் போய், "நைனா, என் தாடை கணக்குல வராது, துண்டு தூக்கினாத்தான்" என்று சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடித்தது இதுதான். பெஞ்சிலேயே அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"சொல்லணும்னுதான் கீறேன் சார். தாடைய அடக்கறத விட அது கஷ்டம்."

6

திங்கட்கிழமை முதல் பஸ் பிடித்து, கரையில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்து முடிவை எழுதலாம் என்று இருந்தேன். போகமாட்டேன். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் ஜாஸ்தியாகும் என்று அவரே சொல்லிவிட்டாரே.

நீங்களும் இத்தனை பக்கமாக அவர் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதோ, கடைசியாகப் பதினொரு கூடை காரப்பொடி ஏலத்துக்கு வருகிறது. ஏலக்காரர் சடையப்பனைப் பார்த்துச் சிரிக்கிறார். சடையப்பன் அவரிடம் ஏதோ சொல்ல வாய் திறக்கிறார். காதுக்குக் கீழே அது கிளம்பியும்விட்டது.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.

திரும்பிக்கொள்ளுங்கள். நானும் திரும்பிவிட்டேன். இந்தப் பக்கம் ஏரி நன்றாக இருக்கிறது.