பதினோராம் எண் வீட்டு வாத்துகள்

தெருவே திரண்டு வந்து கதவைத் தட்டியபோது, பின்வாசல் வழியாக நழுவிவிடலாமா என்றுதான் ஸ்கேல் சாருக்கு முதலில் தோன்றியது. விஷயம் தெரிந்துதான் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

முப்பத்திரண்டு வருடம் கட்டட வரைபடம் போட்டவர். அதனால் தெரு வைத்த பெயர் அது. மனைவி போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் வளர்த்த நான்கு வாத்துகளும் அவரும்தான் இப்போது அந்த வீட்டில்.

"சார், நீங்கதான் எங்களைக் காப்பாத்தணும்," என்றார் முடிவெட்டும் கடைக்காரர். வந்தவர்களுக்கு அந்த விஷயம் தெரியவில்லை. மூச்சு வந்தது.

நகராட்சி புதுத் திட்டம் போட்டிருந்தது. இதுவரை கலப்புப் பகுதியாக இருந்த தெரு இனி முழுக் குடியிருப்புப் பகுதி. கொல்லையில் ஆடோ மாடோ கோழியோ வைத்திருந்தால் கொட்டில் அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்கவேண்டும். அந்தத் தெருவில் கொல்லையே இருபது அடிதான்.

"என் சேவலை மொட்டை மாடியில கட்டினாலும் முப்பது அடி வராது சார். பறக்கவிட்டாத்தான் உண்டு," என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று ஆடுகளின் பாலில் ஓடுகிற பிழைப்பு அவளுடையது.

"அண்ணே, எந்தெந்த வீட்டுல என்ன இருக்குன்னு ஒரு படம் போட்டு மனுவோட குடுத்தா, ஒரு தெருவோட வயித்துல அடிக்கிறோம்னு அவங்களுக்குப் புரியும்ல?" என்றாள்.

"போட்டுத் தர்றேம்மா."

"உங்க வாத்தையும் மறக்காம போட்டுடுங்க சார்," என்றார் கடைக்காரர்.

மறக்காமல் போட்டார். அந்தத் தெருவின் படத்தை அவர் போடுவது அது இரண்டாவது முறை.

முதல் படம் போட்டது, மனைவி படுக்கையில் இருந்தபோது. சிகிச்சைக்குப் பிறகு எந்த வாசனையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தால் குமட்டியது. ஆட்டு நாற்றம் என்று அவராகவே முடிவு கட்டினார். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாத்துத் தொட்டி அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் இருந்தது. அதை அவர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

நகராட்சிக்கு மொட்டைக் கடிதம் எழுதினார். வெறும் கடிதம் போதாது என்று தொழில்புத்தி சொல்லிற்று. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. ஆட்டுக்காரிதான் ஓடிவந்தாள்.

"எதுக்குண்ணே அளக்கறீங்க?"

"சாக்கடை அடைச்சுக்குதுல்ல. அதுக்கு எழுதிப்போடப் போறேன்."

"நல்லா எழுதுங்க. உங்க கையால எழுதினாத்தான் மதிப்பானுங்க," என்று சொல்லிவிட்டு வீடுவீடாகப் பிடித்துக்கொடுத்தாள். தன் கொட்டிலின் மூலையில் நாடாவை அழுத்திப் பிடித்தபடி, "சரியா இருக்கா, பாத்துக்குங்க," என்றாள். அளந்து முடித்ததும் வீட்டுக்குள் போய், ஒரு சொம்பு பாலோடு வந்தாள். அந்த நாட்களில் மனைவிக்கு வயிற்றில் தங்கிய ஒரே ஆகாரம் அந்த ஆட்டுப் பால்தான்.

அன்று மாலையே படத்தை வரைந்தார். பத்து வீட்டுக் கொட்டில்களுக்கும் கட்டம் போட்டவர், பதினோராம் எண்ணுக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார். வாத்துகள் போனால் அவள் தாங்கமாட்டாள். அது தன் வீடு.

கருத்துக்கேட்புக் கூட்டம் நகராட்சியின் மாடி அறையில் நடந்தது. மொட்டைப் படம் ஏதோ கோப்பில் மக்கிக்கொண்டிருக்கும் என்றுதான் அவர் நம்பியிருந்தார். நகரமைப்பு அதிகாரி அதைப் பெரிதாக்கித் திரையில் போட்டார்.

"இந்தத் தெருவுல இருந்தே வந்த புகார் இது. இதை வெச்சுத்தான் இந்தப் பகுதியைத் திட்டத்துல சேர்த்தோம்."

"அடடா, என் சேவலுக்குக்கூட கட்டம் போட்டிருக்கான்யா!" என்று கடைக்காரர் எழுந்தார். "கூட இருந்தே குழி பறிச்சிருக்கான் பாரு. எந்தப் பாவி?"

அதிகாரி மனுவோடு வந்த படத்தையும் பக்கத்தில் போட்டார். கொஞ்சநேரம் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கே?"

ஒரே கைதான். வடக்கைக் காட்டும் அம்புக்குறியின் வாலில் மூன்று கோடு. அதே சாய்வெழுத்து. மோசமாக வரைய அந்தக் கைக்குத் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம். ஒன்றில் பதினோராம் எண்ணில் கட்டம் இருந்தது. மற்றொன்றில் அந்த வீடு மட்டும் துடைத்துவைத்தது போல இருந்தது.

கடைக்காரர் திரையில் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், பதினொன்றில் நிறுத்தினார். ஆட்டுக்காரி திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்கேல் சார் எழுந்தார்.

"அந்தப் படம் தப்புங்க. ஒரு வீடு விட்டுப்போயிருக்கு."

"நீங்க யாரு?"

"வரைஞ்சவன்."

"எது, இதுவா, அதுவா?"

"ரெண்டும்."

"விட்டுப்போச்சா, விட்டீங்களா?"

"விட்டேன். என் வீடுங்கிறதால விட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இதை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. எங்க ஆளே வந்து அளக்கட்டும். மூணு மாசம் தள்ளிவைக்கிறேன்."

தெருவுக்கு மூன்று மாதம் கிடைத்தது. கை தட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. படியிறங்கும்போது கடைக்காரர் அவரைத் தாண்டிப் போய், திரும்பாமலே சொன்னார்: "மாசாமாசம் என்கிட்டதான் சார் கழுத்தை நீட்டுவீங்க. நான் ஒருநாளும் கத்தியைத் தப்பா வெச்சதில்ல."

வாசலில் ஆட்டுக்காரி நின்றிருந்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நெசமாவா?"

"அவகிட்ட சொல்லலம்மா."

"அது போதும்," என்றாள். கடைசி வாரத்தில் அண்ணி தன் கையைப் பிடித்துக்கொண்டு பால் குடித்தது அவள் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து நில அளவையர் வந்தார். ஸ்கேல் சார் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். நாடாவின் மறுமுனையைத் தானே பிடிக்கவேண்டும், வீடுவீடாகப் பிடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்காரியின் குரல் கேட்டது.

"எதுக்கு அளக்கறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம்தான் பிடிப்பேன்."

எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தீவனத்துக்கென்று நினைத்து வாத்துகள் நான்கும் அவர் காலைச் சுற்றிக்கொண்டு கத்தத் தொடங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவர் இருப்பது தெரிந்துவிட்டது.