காய்ந்த மண்

இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும் பெட்டியின் கனம் போய்விட்டது. தோளிலிருந்து இறக்கிக் கைகளில் தாங்கிக்கொண்டு வந்த ஆறு பேருக்கும் அது ஒரே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். தூக்குவது போலவே கைகளை அடியில் வைத்திருந்தார்கள். பெட்டி தானாக மிதந்து, அவர்களுக்கு ஒரு முழம் முன்னே போனது.

"சித்தப்பா, தூக்குங்க. அடி நனையுது," என்றாள் ஷெர்லின். குழிமேட்டில் நடுவதற்கான மரக்குருசை அவள் இரண்டு கைகளாலும் தலைக்குமேல் பிடித்திருந்தாள்.

ஆன்டனி திரும்பிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்தவர் ஷெர்லினின் அப்பா, சிலுவை என்று பேர்; அவருடைய ஒரே தம்பி ஆன்டனி. "ஏளா, தெரு பூரா பள்ளம். தோளுல வச்சிட்டு ஒருத்தன் விழுந்தாம்னா என்ன செய்ய?"

"நனையக்கூடாது சித்தப்பா."

மறுபடியும் தோளுக்கு ஏற்றினார்கள். "ஹார்பர்ல ஊரு மூட்டையெல்லாம் இவன் தூக்குனான். இன்னைக்கு ஒருநாளு தண்ணி இவனத் தூக்கிட்டுப் போறேங்குது. அதுக்கும் மக விட மாட்டேங்கா," என்றார் ஆன்டனி. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மழை பிடித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கரண்டு போயிருந்தது. அப்பாவுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த மெஷின் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடிவிட்டு நின்றது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். பிறகு இன்னொரு வரிசை செங்கல். கண் திறக்கும்போதெல்லாம் அவர் ஒன்றைத்தான் கேட்டார், எவ்வளவு வந்திருக்கு என்று. வடிஞ்சிட்டுப்பா என்றாள் ஷெர்லின். அவர் கையை மெதுவாகக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். விரல் நுனி தண்ணீரில் பட்டது. கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். மகளிடம் அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை.

நேற்றுக் காலையில் போய்விட்டார். பக்கத்து வீட்டு ரீனாவின் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரண்டு இல்லாததால் ஐஸ் பெட்டி வைக்க வழியில்லை. இன்று மதியம் ரீனா சாம்பிராணியை இரண்டாவது முறை கொளுத்தியபோது அவள் ஏன் கொளுத்துகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஷெர்லினின் அண்ணன் கிளைட்டன் ஏதோ ஒரு கடலில் கப்பலில் இருந்தான். டவர் இல்லை. அவனுக்கு இன்னும் செய்தியே போகவில்லை. அளவான சவப்பெட்டி கிடைக்கவில்லை. கடையின் மேல்தட்டில் நனையாமல் இருந்த ஒன்றை எடுத்து வந்தார்கள். அப்பாவுக்கு அது பெரிது.

அம்மா மெட்டில்டாவால் தண்ணீரில் நடக்க முடியாது. மூடி வைக்கும்முன் அவள் அழவில்லை. ஷெர்லினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காதருகில் சொன்னாள்: "கெடந்த நாளெல்லாம் தண்ணியப் பாத்துப் பாத்தே செத்தாரு. காஞ்ச மண்ணாப் பாத்து வை. தண்ணிக்குள்ள வச்சிராத, என்ன?"

சரிம்மா என்று அவள் சொல்லியிருந்தாள்.

கல்லறைத் தோட்டம் தெருவைவிட மேடு. கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் குழி நிறைந்திருந்தது. குழிவெட்டும் ஜீவமணி டீசல் மோட்டாரை ஓடவிட்டு, குழியின் விளிம்பில் சுற்றிலும் மண்மூட்டைகளை அடுக்கியிருந்தான். குழாய் வழியே வெளியேறிய தண்ணீர் சரிவில் ஓடிச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"காலையிலேருந்து எறைக்கேன் அண்ணாச்சி," என்றான் ஆன்டனியிடம். "கடலே இந்தக் குழிக்குள்ளதான் வந்து சேருது போல. முழங்காலுக்குக் கீழ போக மாட்டேங்குது."

வேறு இடம் பார்க்கலாமா என்று ஷெர்லின் கேட்டாள். மேட்டில் இருப்பதே இந்த ஒன்றுதான் என்றான் அவன். மற்ற இடங்களில் மண்வெட்டி போட்டாலே ஊற்று. நாளைக்கு வைத்துக்கொண்டால்? ஜீவமணி பெட்டியைப் பார்த்தான். பிறகு பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் அங்கியை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, ஜெபப் புத்தகத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்துப் பிடித்திருந்தார். நாளைக்கு வேண்டாம்மா என்று மட்டும் சொன்னார்.

டீசல் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான் ஜீவமணி. அடியில் கொஞ்சம் சலசலத்தது. பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. மோட்டார் நின்றால் குழி நிறைந்துவிடும். மேற்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

கயிறு போட்டு இறக்கினார்கள். கயிறு தளர்ந்தது. பெட்டி கீழே போகவில்லை. தண்ணீரின்மேல் நின்று, மெல்லத் திரும்பி, குழியின் சுவரில் இடித்தது. ஜீவமணி தலைமாட்டில் ஒரு மண்மூட்டையை வைத்தான். கால்மாடு மேலெழுந்தது. உள்ளே ஏதோ நகரும் ஓசை கேட்டது. ஷெர்லின் குருசைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் கால்மாட்டை அழுத்திப் பிடித்தாள்.

"எடுங்க. அத எடுங்க மொதல்ல."

மூட்டையை எடுத்தார்கள். மோட்டார் மட்டும் ஓடியது.

ஆன்டனிதான் கடைசியில் சொன்னார். "ரெண்டு ஓட்ட போடணும். அடியில ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. தண்ணி உள்ள போனா அதுவா எறங்கிரும்."

"வேண்டாம்."

"ஏளா, வேற வழி இல்ல."

"ஓட்ட போடக்கூடாது சித்தப்பா. மூஞ்சில தண்ணி ஏறும்."

"அவனுக்கு இனி என்னளா தெரியப் போவுது?"

கடப்பாரையை எடுக்கக் குனிந்த ஜீவமணியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து, கடப்பாரையை இருந்த இடத்திலேயே விட்டான்.

ஜீவமணி பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான். தீப்பெட்டி நமுத்திருந்தது. அதை வீசிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான். "ஓட்ட வேண்டாம்னா, ஒருத்தர் ஏறி நடுவுல நிக்கணும். சாயாமப் பாத்துக்கிடணும். நாங்க ரெண்டு பக்கமும் மண்ணப் போட்டுக்கிட்டே வருவோம். மண்ணு கனத்துல எறங்கிரும்."

"அப்ப ஏறு," என்றார் ஆன்டனி.

"நானா? எத்தனையோ குழி வெட்டிட்டேன் அண்ணாச்சி. செத்தவங்க நெஞ்சு மேல கால வச்சதில்ல. அது மகன் நிக்கணும்."

"மகன் கப்பல்ல கெடக்கான்."

"அப்ப தம்பி நிக்கணும்."

ஆன்டனி குழியின் விளிம்புவரை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது காலை நீட்டினார். பெட்டியின் மூடிக்கு ஒரு சாண் மேலே அந்தக் கால் நின்றது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "சின்னப்பிள்ளையில அவன் சட்டைய மிதிச்சதுக்கே எங்கம்மா அடிச்சிருக்கா," என்றார். மோட்டார் சத்தத்தில் மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. ஷெர்லினுக்குக் கேட்டது.

மோட்டார் ஒருமுறை இருமியது. ஜீவமணி கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான். மழைத்துளி ஒன்று பாலித்தீன் பையின்மேல் விழுந்து, சின்னதாகச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஷெர்லின் எழுந்தாள். துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் சுற்றி முடிந்தாள். பாதிரியாரிடம் சாமி என்று ஏதோ கேட்க ஆரம்பித்து, கேட்காமலே விட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பைக்குள் இருந்த புத்தகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார்.

"ஷெர்லினு," என்றார் ஆன்டனி.

"கையக் குடுங்க சித்தப்பா."

அவர் கொடுத்தார். அவர் கையைப் பிடித்தபடி அவள் இறங்கினாள். பெட்டி அவளுக்கடியில் அமிழ்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அவள் கால்களை அகட்டியதும் நேரானது. மூடியின் பலகை குளிர்ந்திருந்தது. அதிலிருந்த வார்னிஷ் வழுக்கியது.

"போடுங்க," என்றாள்.

இரண்டு பக்கமும் மண் விழுந்தது. கடற்கரை மண், ஈரத்தில் கட்டிகட்டியாக விழுந்தது. தலைமாட்டில் கனம் கூடியபோது அவள் பின்காலுக்கு மாறினாள். கால்மாடு தாழ்ந்தபோது முன்காலுக்கு வந்தாள். மண் அவள் விரல்களை மூடியது, பாதங்களை மூடியது. பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது, மூடியின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டது.

பலகைகள் சேரும் இடத்திலிருந்து குமிழ்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு வரிசையாக, அவசரமில்லாமல். ஜீவமணியின் மண்வெட்டி ஒரு கணம் நின்றது.

"போடுங்க அண்ணாச்சி," என்றாள் ஷெர்லின். "வீட்டுல கேட்டா, மண்ணு காஞ்சிருந்துச்சுன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படியே சொல்லுங்க."

சரி தாயி என்றான் அவன். ஆன்டனி தலையை மட்டும் அசைத்தார். மேலே நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையை அசைப்பதை அவள் காத்திருந்து பார்த்தாள்.

மோட்டார் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் மழையின் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது. பெட்டி தரையில் உட்கார்ந்தது. அதைக் காதால் அல்ல, உள்ளங்காலால் அறிந்தாள்.

"தரையில பட்டுட்டு. ஏறி வா, மக்கா," என்று ஆன்டனி கையை நீட்டினார்.

ஹார்பரிலிருந்து வந்ததும் அப்பா தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். அவள் அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டோ. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நிற்பாள். கொஞ்சம் கீழ என்பார். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கனதான். அழுத்தி மிதி.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆன்டனியின் கை நீட்டியபடியே இருந்தது. ஷெர்லின் ஒரு கையால் குழியின் சுவரைப் பிடித்துக்கொண்டு, மண்ணுக்குள் இருந்த இடது காலில் கனத்தை வைத்தாள். பிறகு வலது காலில். பிறகு இடது காலில்.