பேசாதவள் பின்னிய கூடைகள்

ஆற்றோரத்துப் பெண்கள் பின்னிய நாணல் கூடைக்குள் தலையை விட்டால், பின்னும்போது அவர்கள் பேசிய பேச்சு கேட்கும். ஊறிய நாணல் விரலுக்கு வளையும்போது அந்த விரலுக்குச் சொந்தக்காரியின் பேச்சையும் சேர்த்தே வளைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு கூடையை லேசாக அசைத்தால் பேச்சு வெளியே வரும். ஊரில் யாரும் இதை அதிசயமாக எண்ணியதில்லை. மொத்த வியாபாரி இதைக் குறையாக எண்ணினார். கூடை வாங்க அந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்பதால் அவர் எண்ணியதே செல்லுபடியானது. குடோனுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி உப்புத் தண்ணீர் நிரப்பியிருந்தார். வருகிற கூடைகளை அதில் மூன்று நாள் ஊறவைத்து, குரலைப் போக்கிவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவார். அந்தச் செலவுக்காகப் பின்னியவளின் கூலியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார். அதற்குச் சத்தக் கழிவு என்று பெயர். கழிவு இல்லாமல் முழுக்கூலி வாங்கியவள் ஒரே ஒருத்தி. அவள் வாய் திறக்காமல் பின்னுகிறவள். கல்யாணமாகி ஒன்பது வருடமாக, ஊரே வாயாடி என்று கூப்பிடுகிற நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியதால், அவளுக்குப் பேச இடைவெளியே கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

கூடைகளைத் தொட்டியில் அமுக்கி எடுத்து, துடைத்து, காகிதம் சுற்றிக் கட்டும் வேலையைப் பதினொரு வருடம் செய்தவளைப் பேக்கிங்காரி என்றார்கள். உப்பு அரித்து அவள் விரல் நுனிகளில் ரேகை இல்லாமல் போயிருந்தது. ஒரு மழைக்காலத்தில் உப்பு வண்டி வரவில்லை. முதலாளி வெளியூர் போயிருந்தார், லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் பன்னிரண்டு கூடைகளை ஊறவைக்காமலே கட்டி ஏற்றிவிட்டாள். இரண்டு மாதம் கழித்துக் கடல் தாண்டி ஒரு கடையிலிருந்து கடிதம் வந்தது. முழங்கால் வலியைப் பற்றி அவ்வளவு அழகாகத் திட்டுகிற அந்த அம்மா யார், அவர் பின்னியது இன்னும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார், தொட்டியில் உப்பைக் கூட்டச் சொன்னார். பேக்கிங்காரி கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, முகவரி இருந்த துண்டை மட்டும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டாள். பள்ளிக்கூட டீச்சரைக் கொண்டு அந்த முகவரிக்கு எழுதினாள், முன்பணம் தருவதாகப் பதில் வந்தது.

மூடிக் கிடந்த சைக்கிள் கடை ஒன்றை அவள் வாடகைக்குப் பிடித்துக் கூட்டிப் பெருக்கினாள். கிரீஸ் கறை மட்டும் போகவில்லை. பிறகு வீடு வீடாகப் போனாள். கூடைக்கு விலையைப் பின்னுகிறவர்களே வைக்கலாம், பாதிப் பணம் முன்னாலேயே தரப்படும், ஒவ்வொரு கூடையிலும் பின்னியவளின் பெயர்ச்சீட்டு தொங்கும், வருகிற லாபம் எல்லோருக்கும் சமம் என்று சொன்னாள். வாயாடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

“என் வாய மூடுறதுக்கு வேணும்னா என் வீட்டுக்காரர் காசு குடுப்பார். தொறக்கிறதுக்கு எவ குடுப்பா?”

“குடுக்கிறேன்னு எழுதியிருக்காங்க அக்கா. உங்க முழங்கால் எப்படியிருக்குன்னு வேற கேட்டிருக்காங்க.”

வாயாடி இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அவளைத் தொடர்ந்து ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். பேசாதவள் நாத்தனார் போன இடத்துக்குத் தானும் போனாள். விலை வைக்கிற நாளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அரை நாள் சும்மா இருந்தார்கள். என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. வாயாடி கடைசியில் ஒரு தொகையைச் சொன்னாள். நாணல் வெட்டப் போகும் நேரத்தையும் சேர்த்தாயா என்று பேக்கிங்காரி கேட்டாள், சேர்த்தார்கள். உரிக்கிற நேரம், ஊறவைக்கிற நேரம், கீறல் பட்டு விரல் ஆறுகிற நாட்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கத் தொகை மூன்று மடங்கானது. அதைப் பார்த்ததும், யார் வீட்டிலோ எடுத்த பொருளைக் கையில் வைத்திருப்பவர்களைப் போல எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மொத்த வியாபாரி ஊர்ப் பக்கத்துக் கரை நாணல் முழுவதையும் குத்தகைக்கு எடுத்தார். பெண்கள் பரிசலில் அக்கரைக்குப் போய் வெட்டி வந்தார்கள். அக்கரை நாணலில் குரல் இன்னும் தெளிவாகப் பதிந்தது. முதல் வருடம் அறுபது கூடைகள் போயின, இரண்டாம் வருடம் நானூறு. எங்கோ ஓர் அடுக்குமாடி வீட்டில் துணிக்கூடையைத் திறக்கிறவர்களுக்கு, பிள்ளையைக் குளிக்கக் கூப்பிடுகிற குரல் கேட்டது. தனியாகச் சாப்பிடுகிற ஒருவர் வாயாடியின் கூடையை எதிர் நாற்காலியில் வைத்துக்கொள்வதாக எழுதினார். மூன்றாம் வருடம், முதலில் கடிதம் எழுதிய அந்தக் கடைக்காரர்கள், வசவு வேண்டாம், பாட்டு மட்டும் இருந்தால் நல்லது என்று மரியாதையாகக் கேட்டார்கள். பெண்கள் ஒரு மாதம் பாடிக்கொண்டே பின்னினார்கள். கோரிக்கை மனுவை வாசிப்பது போல இருக்கிறது என்று மூன்று டஜன் கூடைகள் திரும்பி வந்தன. வாயாடி சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட டீச்சர் பதில் எழுதிக் கொடுத்தாள்: எங்களுக்குப் பாட வரும்போது பாடுவோம், வசவு வரும்போது திட்டுவோம், இரண்டுக்கும் விலை ஒன்றுதான். அந்தக் கடை ஒரு பருவம் முழுக்க ஒன்றும் வாங்கவில்லை. பெண்கள் இருந்ததைப் பங்கிட்டுச் சமாளித்தார்கள். பிறகு வேறு நான்கு கடைகள் வந்தன.

இதற்கிடையே பேசாதவளின் கூடைகள் மட்டும் திரும்பி வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘காலி’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். சமப் பங்கு என்பதால் அவளுக்கும் அதே பணம் போனது. அதை அவள் இரண்டு முறை வாங்கினாள். மூன்றாம் முறை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய், மொத்த வியாபாரியின் குடோனில் சேர்ந்துகொண்டாள். அவர் அவளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தம்பி பெண்டாட்டி தன்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று வாயாடி இரண்டு வாரம் பேசினாள். அந்த வாரங்களின் கூடைகள் நன்றாக விற்றன.

அப்போதுதான் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு கிழவரிடமிருந்து கடிதம் வந்தது. பேசாதவளின் கூடை ஒன்று அவரிடம் இருந்தது. திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு வைத்திருந்தாராம். மனைவி இறந்த பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாத ஒன்றை அதற்குள் குனிந்து சொன்னாராம். சொன்னது திரும்ப வரவில்லை. வீட்டிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. இன்னொன்று வேண்டும், கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்று முடித்திருந்தார். பேக்கிங்காரி அதை எடுத்துக்கொண்டு குடோனுக்கு நடந்தாள். தொட்டி ஓரம் நின்று, டீச்சர் மொழிபெயர்த்துத் தந்ததை மெதுவாகப் படித்தாள். பேசாதவள் பின்னுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“தெரியும்,” என்றாள்.

பேக்கிங்காரி அவள் குரலை முதல்முறையாகக் கேட்டாள். அது கட்டையாக, சாதாரணமாக இருந்தது.

“என்ன தெரியும்?”

“ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அந்தம்மா கூப்பிட்டப்போ, வேலை இருக்குன்னு சொல்லிட்டு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நாலு நாளு. பயம்.”

கடிதத்தில் அது இல்லை. எந்த மொழியில் கேட்டது என்று பேக்கிங்காரி விசாரித்தாள். அதை யோசிக்கவில்லை, புரிந்தது என்றாள் அவள். அவர் மட்டுமில்லை, திருப்பி அனுப்பாத இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள், அவ்வப்போது சொல்கிறார்கள் என்றும் சொன்னாள்.

“அதை வெச்சுக்கிட்டா இங்க வந்து உக்காந்திருக்கே? அவமானம்னு நெனச்சோமே.”

“அவமானம் என்ன. அங்க ஒரே இரைச்சல் அக்கா. அண்ணி பேசுறதுல இவங்க பேசுறது கேக்கவே மாட்டேங்குது.”

சைக்கிள் கடையின் பின்சுவரை ஒட்டி அவளுக்கென்று தனி அறை ஒன்று கட்டினார்கள். சுவர் ஒன்றரைச் செங்கல் கனம். ‘என்னாலதான்னு நேராச் சொல்லிடுங்க’ என்று வாயாடி கொத்தனாரிடம் சண்டை போட்டாள். ஆனாலும் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் வெளிச்சம் நன்றாக வரும் என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான். பேசாதவள் மாதத்துக்கு நான்கு கூடைகள் மட்டும் பின்னினாள், விலையைத் தானே வைத்தாள், முறை தாண்டி யாருக்கும் தரமாட்டாள். நீதிமன்றக் குமாஸ்தாக்கள், நர்சுகள், பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி அறுபதில் திரும்பியவர்கள் என்று பலரும் பெயர் எழுதிக் காத்திருந்தார்கள். கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் பின்னும்போது காரணமில்லாமல் சிரிப்பாள், சில நாள் கூழ் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஏழு வருடம் இப்படிப் போயிற்று. பெண்கள் முப்பத்திரண்டு பேரானார்கள். மொத்த வியாபாரி தொட்டியை உடைத்துவிட்டுச் சிமெண்டு வியாபாரத்துக்கு மாறினார்.

எட்டாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை வாயாடி பேசாதவளின் அறைக்கு வந்து, மற்றவர்களைப் போலவே பலகையில் பெயர் எழுதினாள். உனக்கெதுக்கு, மனதில் ஒன்று வாயில் ஒன்று இல்லாதவளாயிற்றே என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். முறை வர ஐந்து மாதம் ஆயிற்று. முழுவிலையையும் கொடுத்துத்தான் வாங்கினாள். தம்பி பெண்டாட்டி கழித்துக்கொள்ளச் சொன்னபோது, “தொழில்ல உறவு பாக்காத” என்று கையைத் தள்ளிவிட்டாள். கூடையை வீட்டுக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மதியம் முழுவதும் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பேசாதவள் தன் அறைக்குப் போகவில்லை. தண்ணீரில் ஊறிய நாணல் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பொது அறைக்கு வந்து, வாயாடியின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.

“நகந்து உக்காருங்க அண்ணி,” என்றாள்.

வாயாடி நகர்ந்து கொடுத்தாள். பேசாதவள் ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைச் சொன்னாள். தன் வீட்டு ஓட்டில் ஒழுகுகிற இடத்தைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் ரசத்தில் இருமுறை உப்புப் போட்டதையும், நாத்தனார் அதை யாரிடமும் சொல்லாமல் குடித்து முடித்ததையும் சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் அவள்தான் பேசினாள். வாயாடி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே இரண்டு கூடைகள் பின்னி முடித்தாள். பேசாதவளின் கூடைகளைப் போலவே இரண்டிலும் சத்தம் இல்லை. பேக்கிங்காரி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, காகிதம் சுற்றி, பெயர்ச்சீட்டுக் கட்டி, லாரியில் ஏற்றினாள்.