எட்டு விநாடிக் குரல்

ராமாமணி தன் அண்ணனிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். மேடையில் நின்று, "இந்தக் குரல் என் தங்கச்சியோடது, பேரு ராமாமணி" என்று மைக்கில் சொல்ல வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? சுந்தரராஜுலுவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவன்தான் சொல்லிக்கொள்கிறான். கிடைத்தது, நன்றாகவே கிடைத்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்களுக்குப் பம்புசெட் ஒர்க்‌ஷாப். அப்பா வரதராஜுலு காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்தால் இருட்டும்வரை மோட்டார் சத்தம்தான். மகனுக்கு மோட்டார் கைவந்த வேலை, ஆனால் மனசு அதில் இல்லை. அது சீமையில் கிடந்தது. அங்கே இளவட்டங்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, மூன்று நிமிஷப் பாட்டை இருபது நிமிஷத்துக்கு இழுத்து, நடுவில் சர்ச் வாத்தியத்தையும் புல்லாங்குழலையும் விட்டு என்னென்னமோ செய்துகொண்டிருந்த சமயம். அவன் சிநேகிதன் திருமூர்த்தியின் மாமா வால்பாறை எஸ்டேட்டில் கிளார்க். துரைமார் படித்துப் போட்ட இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகைகள் அவர் வழியாக மலையிறங்கி வரும். அதை வைத்துக்கொண்டு சுந்தரராஜுலு வரிவரியாக மனப்பாடம் செய்வான். எந்தக் குழுவில் புல்லாங்குழல்காரன் ஒற்றைக் காலில் நின்று ஊதுகிறான், எவன் தன் ஆர்கன் கட்டைகளுக்கு இடையில் கத்தியைச் செருகி வாசிக்கிறான், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டில் அரிசி என்ன விலை என்று கேளுங்கள், பேந்தப் பேந்த விழிப்பான்.

அறுபத்தெட்டாம் வருஷம் சித்திரை வாக்கில் ஒரு பத்திரிகையில் மெல்லோட்ரான் என்ற வாத்தியத்தைப் பற்றிப் படித்தான். பார்க்க ஆர்மோனியம் மாதிரிதான், ஆனால் உள்ளே தந்தியும் இல்லை, காற்றும் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். யாரோ ஊதியதையோ பாடியதையோ அதில் முன்கூட்டியே பதிந்திருப்பார்கள். கட்டையை அமுக்கினால் டேப் ஓடும், குரல் வரும். எட்டு விநாடிதான், அப்புறம் டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். கரண்ட் கொஞ்சம் இறங்கினால் சுருதியும் கூடவே இறங்கும்.

இதை அவன் வாயில் எச்சில் ஊற விவரித்தபோது, பக்கத்தில் மல்லி அரைத்துக்கொண்டிருந்த ராமாமணி அம்மிக்குழவியை நிறுத்தினாள்.

"அதுல புல்லாங்குழல் ஊதுனவரு பேரு என்னங்ணா?"

"அதெல்லாம் பேரு போட்டிருக்க மாட்டாங்க கண்ணு."

"எல்லாரும் அவரு ஊதறதைத்தானே கேக்கறாங்க! பாவமுங்க அவரு."

அவள் அப்படித்தான். யாருக்கும் உதிக்காத கேள்வி அவளுக்கு உதிக்கும்.

சீமைப் பெட்டியை வாங்க இவனால் ஆகுமா? கோயமுத்தூர்க்காரன் அதற்கெல்லாம் அசந்து உட்காருவானா? நூல் மில்லில் கழித்துப் போட்ட இரும்பு ரோலர் ஒன்று, பழைய ஃபேன் மோட்டார், உடைந்த ஆர்மோனியத்தின் கட்டைகள், மெட்ராஸ் பழைய சாமான் கடையிலிருந்து பொறுக்கி வந்த டேப் ஹெட்டுகள். ஆறு மாசம் மாடாய் உழைத்து எட்டே எட்டுக் கட்டை வைத்த பெட்டி ஒன்றைச் செய்துபோட்டான். பெட்டி தயார். உள்ளே வைக்கத்தான் குரல் இல்லை.

ராமாமணி பதினாலு வயசு வரை பாட்டு கற்றவள். வயசுப் பெண்ணுக்கு இனி எதற்கு என்று வரதராஜுலு வாத்தியாரை நிறுத்திவிட்டார். அவள் அழவில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் முணுமுணுப்பாள், அதுவும் அப்பா ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோட்டாரெல்லாம் ஓய்ந்திருந்தது. அப்பா வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பம்பு டெஸ்ட் செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, மைக்கைக் கட்டித் தொங்கவிட்டான். எட்டுச் சுரம், ஒவ்வொன்றும் எட்டு விநாடி, ஒரே மூச்சு. அவள் கண்ணை மூடி முதல் சுரத்தைப் பிடித்ததும், ரெக்கார்டரின் முள்ளைப் பார்க்க வேண்டியவன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். முதல் டேப் வீணானது. அப்புறம் மறுபடி எடுத்தார்கள்.

முடிந்ததும் அவள் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த ஒரே காரியத்தைக் கேட்டாள். "பாடறது ராமாமணின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்ணா. எனக்கு அது போதும்."

"சொல்றேன் அம்மணி. சொல்லாம இருப்பனா?"

சத்தியமாகத்தான் சொன்னான். மறந்துவிடுமோ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டான்.

கார்த்திகையில், கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஹாலில் நிகழ்ச்சி. திருமூர்த்தி கிட்டார், உமர் பாரூக் டிரம்ஸ், சுந்தரராஜுலு பெட்டி. ஆரம்பிக்கக் கால் மணி இருக்கும்போது வரதராஜுலு மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது, ஆனால் அன்றைக்கு ஆளே மலர்ந்திருந்தார்.

"உடுமலைக்காரங்க வந்திருக்காங்கடா. ஜாதகம் பொருந்துச்சுன்னனே, அவங்கதான். மாப்பிள்ளைக்கு சங்கீதம்னா உசுராம், நீ வாசிக்கறயின்னதும் கெளம்பிட்டாரு. நாளைக்குக் காலைல பொண்ணு பாக்க ஊட்டுக்கு வாராங்க. மானத்தை வாங்கிப்போடாதே."

சுந்தரராஜுலுவுக்குப் பையில் இருந்த சீட்டு சட்டென்று கனத்தது.

பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். முதல் பாதியில் ஜனங்கள் நெளிந்தார்கள், பின்வரிசையில் சீட்டிகூடப் பறந்தது. அப்புறம் கிட்டார் அடங்கி, டிரம்ஸ் அடங்கி, அவன் முதல் கட்டையை அமுக்கினான். ராமாமணியின் குரல் ஹால் முழுக்க எழுந்தது. அடுத்த கட்டை. அதற்கடுத்தது. வாயே திறக்காத மூன்று ஆண்கள் மேடையில் இருக்க, ஒரு பெண்ணின் குரல் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. சீட்டியடித்தவன்கூட வாயை மூடினான்.

முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. காலேஜ் பிரின்சிபால் தாமே மேடையேறி மைக்கைப் பிடித்தார். "தம்பி, எங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அந்தக் குரல் யாருது?"

பாருங்கள், கேள்வியைக்கூட அவன் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. தட்டில் வைத்து நீட்டினார்கள். முன்வரிசையில் அப்பா; மகள் பாடி அவர் கேட்டு வருஷக்கணக்காயிற்று, குரல் அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட உடுமலை மாப்பிள்ளை, இருக்கையின் நுனியில். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ராமாமணி. அவளும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால், பெண்ணின் குரலை ஊரைக் கூட்டி ஒலிபரப்பினோம் என்று சொல்வதா? சம்பந்தம் கெட்டால் அப்பா உயிரோடு விடுவாரா? அவன் நாக்கு ஒருமுறை புரண்டது.

"லண்டன்ல இருந்து வந்த டேப்புங்க" என்றான்.

ஆகா என்று மறுபடி கைதட்டினார்கள். ராமாமணி மெதுவாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் லட்சுமணசாமி, தேங்காய் மண்டி. கூச்ச சுபாவம். ஆனால் முந்தின நாள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்ததும் மடை திறந்துகொண்டது. "ராத்திரி முச்சூடும் அந்தக் கொரலேதானுங்க காதுல. அது யாரோ எவரோ, நல்லா இருக்கோணும்."

காப்பித் தம்ளர்களோடு வந்த ராமாமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள், பெண் பார்க்கிற இடத்தில் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார். "ஏம் கண்ணு, ரெண்டு அடி பாடறயா? இவனுக்கு அது ஒண்ணுதான் ஆசை."

ஐயோ! பாடினால் இரண்டாவது சுரத்திலேயே கண்டுபிடித்துவிடுவானே அந்த ஆள். நேற்று அத்தனை பேர் முன்னால் சொன்ன பொய் இங்கே வெற்றிலைத் தட்டில் வந்து உட்காருமே. சுந்தரராஜுலு முந்திக்கொண்டான்.

"அதுக்குப் பாட வராதுங்க."

லட்சுமணசாமியின் முகம் லேசாக வாடியது. ராமாமணி அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மறுத்திருக்கலாம். அண்ணனைப் பொய்யனாக்கி அவமானப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. "வராதுங்க" என்று அவளும் சொன்னாள்.

பாட வராவிட்டாலும் பெண் பிடித்துப்போனது. தை மாசம் கல்யாணம் முடிந்து ராமாமணி உடுமலைப்பேட்டைக்குப் போனாள்.

ஆடிச் சீருக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். லட்சுமணசாமி தங்கமான மனுஷன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிட்டு எழுந்த கையோடு, "மச்சான், அந்தப் பெட்டியை இன்னொருக்கா கேக்கோணுமுங்க" என்றார். மூன்று பேரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். அன்றைக்கு வோல்டேஜ் குறைவு. கட்டையை அமுக்க, குரல் அரைச் சுரம் இறங்கித் தொய்ந்து வந்தது.

லட்சுமணசாமி கண்ணை மூடிக்கொண்டார். "அழுகறாப்பல இருக்குதுங்க" என்றார். பிறகு, "இந்தப் பொண்ணு பேரு என்னங்க மச்சான்? உங்களுக்குத் தெரியாம இருக்காதே."

அதே கேள்வி! இன்னொரு முறை, அவன் செய்த புண்ணியமோ என்னவோ, வீடு தேடி வந்து நின்றது. சொல்லிவிடலாம். இந்த முறை சொல்லியே தீருவது என்று அவன் வாயைத் திறந்தான்.

"பேரெல்லாம் போட்டிருக்க மாட்டாங்க" என்றாள் ராமாமணி.

லட்சுமணசாமி கையில் பட்ட கிரீஸைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனதும் அவன் தங்கச்சியின் அருகில் வந்தான். "அம்மணி, நான் சொல்லிப்போடறேன். நெஞ்சு தாங்கலை."

"இப்ப என்னான்னு சொல்லுவீங்க? பொண்ணு பாக்க வந்தப்ப நானும் பொய் சொன்னேன், உங்க பொண்டாட்டியும் பொய் சொன்னாங்கறதா?"

"அவரு கோவிக்க மாட்டாரு கண்ணு."

"கோவிக்க மாட்டாருங்ணா. ஆனா அப்புறம் நான் எது சொன்னாலும் ஒரு நிமிசம் யோசிப்பாரு. எனக்கு அது வேண்டாம்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா ஒரு வார்த்தையோட போயிருக்கும்."

"அங்க... ஊட்டுல பாடறயா?"

"வராதுன்னு சொன்னவ எப்படிங்ணா பாடறது? அவரு மண்டிக்குப் போனப்புறமும் பயமா இருக்கு. பக்கத்து ஊட்டுக்காரங்க யாராச்சும் சொல்லிப்போட்டா?"

கை துடைத்துக்கொண்டே லட்சுமணசாமி திரும்பி வந்தார். வீட்டில் புதுசாக டேப் ரெக்கார்டர் வாங்கியிருப்பதாகவும், அந்தக் குரலை மட்டும் ஒரு டேப்பில் ஏற்றிக் கொடுத்தால் பெரிய உபகாரமாக இருக்கும் என்றும் சொன்னார். மத்தியானம் மண்டியிலிருந்து வந்து படுக்கும்போது கேட்பாராம்.

சுந்தரராஜுலு எட்டுக் கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிப் பதிந்தான். கடைசிச் சுரம் முடிவதற்குள் கட்டைக்கு அடியிலிருந்த எட்டு விநாடி டேப் தீர்ந்தது. சுருளை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினான். மேலே பெயர் எழுத ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். மேஜை டிராயரில், பழைய சீட்டு, அவள் பெயரோடு மடித்தபடியே கிடந்தது. சீமையில் எவன் ஒற்றைக் காலில் நின்று ஊதுகிறான் என்பது வரைக்கும் தெரிந்தவன், தன் கையில் இருக்கும் குரலுக்கு ஒரு பெயர் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான் யோசனை?" என்றார் லட்சுமணசாமி.

"லண்டன்னு எழுதுங்ணா" என்றாள் ராமாமணி.

எழுதினான். அவள் அட்டைப்பெட்டியை வாங்கி, மை காயட்டும் என்று அந்த எழுத்தின்மேல் நீளமாக ஊதினாள். ஊதி முடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.