வகர வரிசை வரும்வரை

சபாநாயகரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை உண்டு. நாடாளுமன்றத்தின் மூத்த சட்ட ஆலோசகருக்கு அதுதான் இடம். அங்கிருந்து பார்த்தால் சபாநாயகரின் வலது காது தெரியும். அந்தக் காதுக்குச் சட்டம் சொல்வதுதான் அவள் உத்தியோகம். மேசைக்கு முன்னால் கம்பளத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் உறுப்பினர்கள் மட்டுமே கால் வைக்கலாம். வேறு யார் வைத்தாலும் விதிப்படி 'அந்நியர்'. ஒருமுறை அவள் பேனா உருண்டு கோட்டைத் தாண்டிவிட்டது. எட்டி எடுத்திருக்கலாம். அவளோ ஒரு மந்திரியைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னாள். அப்படிப்பட்ட விதிப் பைத்தியம்.

அன்று காலை அக்கா போன் செய்தாள். அக்காவின் ஒரே மகனைப் போன மாதம் வீட்டு வாசலிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் அப்படி ஓர் ஆளே கிடையாது என்று கையை விரித்தார்கள். இப்படிக் காணாமல் போனவர்களின் பெயரைப் பத்திரிகையில் போடத் தடை. ஆனால் சபையில் ஓர் உறுப்பினர் சொல்லிவிட்டால் அது சபைக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறிய ஆளை இல்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சாதிக்க முடியாது.

"இன்னிக்கு வாத்தியார் பேசறாராமே. அவன் பேரை முதல்ல சொல்லச் சொல்லேன்டி."

"நான் போய் அப்படிக் கேக்கக் கூடாதுக்கா. எல்லாப் பேரும் அவருக்கு மனப்பாடம். வரிசையா வரும்."

"அவன் பேரு 'வ'வுல ஆரம்பிக்குது. கடைசியிலதானே வரும்?"

"கடைசியிலன்னாலும் வரும் இல்ல?"

அக்கா போனை வைத்தாள்.

வாத்தியார் என்பது எதிர்க்கட்சியில் மிஞ்சியிருந்த சிலரில் ஒருவரின் பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்தே ஓய்வு பெற்றவர். கத்தத் தெரியாது, மேசையைத் தட்டத் தெரியாது. எழுந்து நின்று, அகர வரிசைப்படி, முழுப் பெயரும் அப்பா பெயரும் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, யாராவது 'உள்ளேன் ஐயா' சொல்வார்களோ என்பதுபோல் கொஞ்சம் நிறுத்தினார். சபை நடக்கும்போது உறுப்பினர் மேல் யாரும் கை வைக்க முடியாது. அந்த ஒரு பாதுகாப்பை நம்பித்தான் அவர் எழுந்ததே.

ககர வரிசை முடியும்போது ஆளுங்கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேன்டீனுக்குக் கிளம்பினார்கள். பசி நேரம்தான், அதனால் அவள் முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு கதவைப் பார்த்தாள். வழக்கமாக அங்கே தூங்கி வழியும் காவலர்கள் இல்லை. அதே சீருடையில் வேறு நான்கு பேர் நின்றார்கள். சீருடை இறுக்கமாக இருந்தது. நால்வரும் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் போன வாரம் குடித்த டீ நினைவுக்கு வந்தது.

சபாநாயகர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கொடுத்த டீ அது. "சும்மா ஒரு சந்தேகம்மா. நடுவுல கோரம் இல்லாமப் போனா என்ன ஆகும்?" என்றார். கோரம் என்பது சபை நடக்க இருந்தாக வேண்டிய குறைந்தபட்சத் தலைகள். மணி அடிக்க வேண்டும், மணி நிற்கும்போதும் ஆள் சேரவில்லை என்றால் அன்றைய சபை முடிந்தது என்று சொன்னாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சட்டம் பேசுவதென்றால், கரும்பு தின்னக் கூலியா?

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் உறுப்பினரைக் கைது பண்ணக் கூடாதுன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க சார். அப்படி ஒரு விதியே இல்ல. மணி நின்ன நொடியே பாதுகாப்பு போச்சு."

"அப்படியா!" என்று அவர் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். யாருக்காக இந்தச் சந்தேகம் என்று அவள் கேட்கவில்லை. கேள்விக்குக் காரணம் கேட்பது ஆலோசகருக்கு அழகில்லை என்பது அவள் கட்சி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை சௌக்கியமாகத்தான் இருந்தது. கெடப்போனது வாத்தியாரும் அக்கா மகனும்.

பகர வரிசை முடிந்து மகரம் தொடங்கியபோது, பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "கோரம் இல்லை" என்றார். சபாநாயகர் மணியடிக்கச் சொன்னார். மணி ஒலிக்கும்போது பேசுவது குறிப்பில் ஏறாது. குறிப்பெழுதும் பெண்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். வாத்தியார் வாயைத் திறந்தபடியே நின்றார்.

அவள் அந்த வலது காதை நோக்கிக் குனிந்தாள். "சார், அவர் முடிச்சிடட்டுமே."

"அப்படி விதி இருக்காம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

கதவோரம் நின்றவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணியின் ஒலி மண்டைக்குள் இறங்கியது. அவளுக்குப் பயமாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. அந்தப் பயத்தோடேயே எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டி, வாத்தியார் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

சபாநாயகர், இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க, வழக்கம்போல் பின்னால் திரும்பினார். அவள் நாற்காலி காலி.

"இங்க இருக்கேன் சார்," என்றாள் அவள். "அந்நியர் உள்ள வந்துட்டா மணியை நிறுத்தணும். அந்நியரை வெளியேத்தத் தீர்மானம் போடாம சபை கலைய முடியாது. தீர்மானத்துக்குக் கோரம் வேணும். ஆள் வந்து சேர்ற வரைக்கும், பேசிட்டிருந்தவர் பேசலாம்."

"நீங்க உறுப்பினர் இல்லம்மா," என்றார் சபாநாயகர். குரல் மெதுவாக, அன்பாகக்கூட இருந்தது. "உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. தெரியும் இல்ல?"

"தெரியும் சார். நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

மணி நின்றது. கேன்டீனுக்கு ஆட்கள் ஓடினார்கள். குறிப்பெழுதும் பெண்கள் பேனாவை எடுத்தார்கள். வாத்தியார் மகரத்தை முடித்து, ரகரத்தைக் கடந்து, வகரத்துக்கு வந்தார். அக்கா மகனின் முழுப் பெயரையும் அவன் அப்பா பெயரையும் சொல்லி, வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாயைத் துடைத்தபடி உறுப்பினர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். கதவோரம் நின்ற நால்வரும் இப்போது வாத்தியாரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள். வாத்தியாருக்கும் அது தெரிந்தது. வரிசை முடிந்தும் அவர் உட்காரவில்லை. குனிந்து அவளிடம் கேட்டார்:

"உங்க முழுப் பேரும் அப்பா பேரும் சொல்லுங்கம்மா. சீக்கிரம்."

அவள் சொன்னாள். அவர் நிமிர்ந்து அதைச் சபைக்குச் சொன்னார். குறிப்பெழுதும் பெண்கள் எழுதிக்கொண்டார்கள்.