எப்படி விழுந்தது

தையல்நாயகி பீரோவின் கீழ்த்தட்டில் புதுவேட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு எடுத்தது, மடிப்புகூடக் கலையாதது. கூடத்தில் அவள் கணவன் சம்பந்தத்தைக் கிடத்தியிருந்தார்கள்.

"தையலு, வேட்டி கெடைச்சுதா? நேரமாவுது பாரு," என்றாள் சம்பந்தத்தின் அக்கா கங்கையம்மாள். ராத்திரி தகவல் கிடைத்து, விடிந்ததும் கேளம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கியவள்.

வேட்டி கைக்கு வந்த பிறகும் தையல்நாயகி எழுந்திருக்கவில்லை. கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். அகமதாபாத்தில் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். கபில்தேவுக்கு இன்னும் ஒரே ஒரு விக்கெட். அது விழுந்தால் நியூசிலாந்தின் ஹாட்லியைத் தாண்டிவிடுவார். டெஸ்ட் ஆட்டத்தில் அவர் அளவுக்கு எடுத்தவர் உலகத்தில் யாருமில்லை என்றாகிவிடும். விழுந்திருக்குமா? இந்த நேரத்தில் இந்த நினைப்பா என்று அவளுக்கே உடம்பு கூசியது.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்கவில்லை. அவன் தாம்பரத்தில் மின்ரயில்களைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் ஃபிட்டர். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனால் இரண்டரைக்குத்தான் அஸ்தினாபுரத்துக்குச் சைக்கிளில் வந்து சேருவான். அவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். ஆட்டம் நடக்கிற நேரத்திலோ கையில் ஸ்பேனர். ஒருநாள் ஒரு டிரான்சிஸ்டரை அவளிடம் கொடுத்து, "ஸ்கோர் மட்டும் கேட்டு வை," என்றான். அவள் ஸ்கோரை மட்டும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள்.

கொல்லையில் கிரீஸ் போகக் கை கழுவியபடி அவன் கேட்பான்: "எத்தனை?"

"எத்தனைன்னு கேக்காதீங்க. எப்படின்னு கேளுங்க."

பதினாலு வருஷமாக அதுதான் சண்டை. அவன் பேப்பரில் வரும் கட்டங்களைப் படிக்கிற ஆள். சராசரி, விக்கெட், ஆட்டம் என்று விரல் மடக்குவான். ஹாட்லிக்குச் சராசரி இருபத்திரண்டு, கபிலுக்கு முப்பதை ஒட்டி; அதற்கு மேல் என்ன பேச்சு? அவள் கணக்கு வேறு. "அந்த மேட்ச்லேர்ந்து அந்த ஆளை எடுத்துட்டுப் பாருங்க. என்ன மிஞ்சுது?" என்பாள். ஹெடிங்லியில் போத்தம் இல்லாவிட்டால் இங்கிலாந்து எங்கே? பதினேழு ரன்னுக்கு ஐந்து விக்கெட் போனபோது கபில் இல்லாவிட்டால் உலகக் கோப்பை எங்கே? போன ஞாயிற்றுக்கிழமை அவளே இறங்கிவந்து, பிரிஸ்பேனில் ஹாட்லியை எடுத்துவிட்டால் நியூசிலாந்தே இல்லை என்று ஒப்புக்கொண்டாள். அன்று முழுக்க அவனுக்கு வாயெல்லாம் பல்.

நேற்று மத்தியானமும் சாப்பிட்டுக்கொண்டே வம்புக்கு இழுத்தான். "உன் ஆளுக்கு இது நூத்தி முப்பதாவது மேட்ச். ஹாட்லி எம்பத்தாறுலயே அவ்ளோ எடுத்துட்டாரு. சரி, நாளைக்கு எனக்கு ஷிப்ட். விழுந்தா எப்படி விழுந்துச்சுன்னு நீதான் சொல்லணும்."

எப்படி என்று அவன் வாயிலிருந்து வந்ததை அவள் சொல்லிக் காட்டவில்லை. சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நாலு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றான். ஆட்டோ குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குள் திரும்புவதற்குள் அவள் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்துவிட்டது.

வேட்டியைக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் வந்தாள். சம்பந்தத்தோடு வேலை பார்க்கும் துரைராஜ் பூமாலையோடு சைக்கிளிலிருந்து இறங்கினார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மாலையை வாங்குவதுபோலக் கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணா, விழுந்துச்சா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. தலை குனிந்துகொண்டார்.

"எடுத்துட்டாராம்மா. டீக்கடைல பேசிகினு இருந்தாங்க. நானூத்தி முப்பத்திரண்டு."

"எப்படி? போல்டா, கேட்ச்சா?"

"அது தெரியலம்மா. நான் நிக்கல."

குளிப்பாட்டிப் புதுவேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது அவள் முழங்காலிட்டு, அரிசியை அவன் உதட்டில் விட்டு, அப்படியே காதருகே குனிந்தாள். சுற்றி நின்ற பெண்கள் அவள் கதறப்போகிறாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாரானார்கள். அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் எத்தனை என்பது மட்டும்தான் இருந்தது. நிமிர்ந்துவிட்டாள்.

எடுத்துக்கொண்டு போனார்கள். பறைச்சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை முழுகிவிட்டு வந்தவளைக் கங்கையம்மாள் கொல்லைப்படியில் உட்காரவைத்துத் துண்டால் தலை துவட்டினாள்.

"தொரராசுகிட்ட இன்னாடி கேட்ட?"

"மேட்சு கேட்டேன்கா."

கை நிற்கும், திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். கை நிற்கவில்லை.

"எனக்கு அதுல ஒரு எழவும் புரியாது. அவன்கிட்ட அப்படி இன்னாதான் சொல்லுவ நீ?"

தையல்நாயகி சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம்கா. மெல்போர்ன்ல மேட்சு. நமக்கு விடியறப்பவே அங்க ஆரம்பிச்சுடும். ஆஸ்திரேலியாக்காரங்க ஜெயிக்க நூத்தி நாப்பத்து மூணுதான் வேணும். கபில் முந்தின நாளு தொடை பிடிச்சுக்கிட்டுப் பந்தே போடல. ஸ்டவ்ல பால் வெச்சுட்டு ரேடியோவத் திருகறேன், ஒரே இரைச்சல். அதுக்குள்ள கபில் பேரு கேக்குது. வலிக்கு மருந்து போட்டுக்கிட்டு அந்தக் காலோட ஓடி வராருக்கா."

"பால்?"

"பொங்கி ஊத்திப்போச்சு."

"அப்புறம்?"

"ஒவ்வொருத்தரா விழறாங்க. அன்னைக்கு இவரு வந்து சட்டையகூடக் கழட்டல. கை கழுவல. இங்க, இந்தப் படிலதான் உக்காந்து கேட்டாரு."

"கால் வலிச்சிருக்குமே," என்றாள் கங்கையம்மாள்.

"வலிச்சிருக்கும்கா."

கங்கையம்மாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக்கூந்தலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுச்சொட்டாகச் சிமெண்ட்டுப் படியில் விழுந்து, வெயிலில் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது.

"சொல்லு," என்றாள்.